மூடியைத் திறந்தது யார்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். மகளுடைய பழைய மெசின் அரை மணி நேரம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறது. கடைக்காரர் மூடியைக் கழற்றி, பவர் சப்ளை பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் தூசி சார், காத்து போக வழியில்ல" என்று ப்ளோவரால் ஊதினார். சூடேறிய தூசியின் வாசனை கடை முழுக்கப் பரவியது. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் காண்ட்ராக்டரிடம் கிளார்க்காக இருந்தேன். அந்த ஊர்த் தூசியைப் பற்றி உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? காலையில் கறுப்பாக வாரிய தலை மத்தியானத்துக்குள் நரைத்துவிடும். நான் பெண் பார்க்கப் போன அன்றும் என் புருவம் வெள்ளைதான். பெண் சிரித்தது வெட்கத்தில் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூசிக்குள்தான் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எந்த லாரி எத்தனை நடை அடித்தது என்று இனி அதுதான் சொல்லுமாம். மேனேஜர் சந்தனம் குங்குமம் வைத்தார். அவர் வீட்டம்மா கிளி போட்டுத் தைத்த உறையைக் கொண்டுவந்து போர்த்தினார். இடத்தை அடைக்கக் கூடாதென்று மேனேஜர் அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். நான் மட்டும் என்ன யோக்கியன்? பெட்டியின் மேல்பக்கம் கதகதப்பாக இருக்கிறதே என்று தினமும் என் சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன்.

மெசினை ஓட்ட வந்தவள் மல்லிகா. திருச்சியில் ஆறு மாதம் படித்தவள். மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம் வந்து, பஸ் மாறி வருவாள். அவள் அம்மா அப்போதும் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் மல்லிகாதான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க கைய வச்சுப் பாருங்க. ஃபேன் காத்து வெளிய வரவே இல்ல. உள்ள வேவுது."

மேனேஜரிடம் சொன்னாள். "மெசினுன்னா சூடாத்தான் இருக்கும்" என்றார் அவர். அவள் சுவரிலிருந்து தள்ளி வைப்பாள், அவர் வந்து மறுபடி ஒட்டி வைப்பார். கடைசியில் மேனேஜர் திருச்சி போயிருந்த ஒரு மத்தியானம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேருமாக மூடியைத் திறந்தோம். திருப்புளியைப் பிடித்துத் திருகியது நான். பக்கத்து சைக்கிள் கடையில் பம்ப் வாங்கி வந்ததும் நான்தான். அவள் பவர் சப்ளையின் ஓட்டைகளுக்குள் பம்பால் காற்றடித்தாள். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகைபோல வந்தது. அதற்கப்புறம் மெசின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள், அவள் பெயரை மட்டும். "இனிமே மூடியில கை வச்சே, வூட்டுக்குப் போயிடு" என்று அவளிடம் கத்தினார். மூன்று மாதம் யாரும் தொடவில்லை. ஒரு காலையில் பட்டென்று சத்தம் கேட்டது. சூடேறிய தூசியின் அந்த நாற்றம் வந்தது. திரை கறுத்துப்போனது.

திருச்சியிலிருந்து வந்த இன்ஜினியர் திருகாணித் தலைகளில் இருந்த கீறலைப் பார்த்து, "இதை யாரு தொறந்தது?" என்றார்.

மேனேஜர் மல்லிகாவைக் காட்டினார். "மம்பட்டி புடிக்கிற கையில மெசினக் குடுத்தா இப்படித்தான்."

அவள் அழவில்லை. "தொறந்து தொடச்சப்ப நல்லாத்தான் ஓடுச்சு சார். தொடக் கூடாதுன்னீங்க, எரிஞ்சுது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் லாரி ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது. அவள் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு பதினொரு மணி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது இன்ஜினியர் என்னிடம் சொன்னார். "ஃபேன்ல தூசி அடைச்சுக்கிச்சு. அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி."

"அத மேனேஜர்கிட்ட சொல்லுங்க சார்."

"நீங்க கூட வேலை பாக்குறவரு. நீங்க சொல்லலாமே" என்றார்.

இரண்டு பேருமே சொல்லவில்லை. புதிய பவர் சப்ளை வந்தது. இன்ஜினியர் சொன்னபடி மெசினைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்கள், உறையை எடுத்துவிட்டார்கள், மாதம் ஒருமுறை தூசி ஊதச் சொன்னார்கள். ஊதும் வேலை எனக்கு. மல்லிகாவின் நாற்காலியும் எனக்கு. அந்த நாற்காலியிலிருந்துதான் என் மகளைப் படிக்க வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அறுப்புக்குப் போகும் பெண்களோடு, தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக நின்றிருந்தாள். அவளே பக்கத்தில் வந்தாள்.

"நல்லாருக்கீங்களா அண்ணே? மெசினு இப்பச் சூடாவாம ஓடுதா?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். "ஓடுதும்மா" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. குவாரியைத் தோண்டித் தோண்டிப் பெரும் பள்ளமாக்கி விட்டுவிட்டார்கள், தண்ணீர் பச்சையாக நிற்கிறது. மேனேஜர் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். மல்லிகா குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். சிதம்பரம் போகும்போதெல்லாம் பஸ் அவள் ஊரான மீன்சுருட்டியில் நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள். இனி இங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருமுறைகூட இறங்கிக் கேட்டதில்லை.