சமைச்சுப்போட்டுக் கீறும்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மாலை வகுப்புக்குப் போய்வந்தேன். பாடம் அமெரிக்க நாவல்கள். அந்தத் தவணை முழுக்கக் கதாநாயகிகள் எல்லாரும் ஓவியம் தீட்டுகிறவர்கள், சிலை செய்கிறவர்கள். எனக்கும் படம் கீறுகிற பைத்தியம் உண்டு. வரைவதை ஈழத்து ஆட்கள் நாங்கள் கீறுவது என்றுதான் சொல்வோம். ஆசையோடு சேர்ந்தேன், வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வந்தது. ஒருத்தியையாவது ஒரு படத்தை நிம்மதியாக முடிக்க விட்டார்களா? குழந்தை அழும், இல்லாவிட்டால் புருஷனுக்குக் காய்ச்சல் வரும்.

ஒரு நாவலில் ஓவியக்காரி பிள்ளையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு நியூயோர்க் போகிறாள். இவள் சுயநலக்காரியா என்று டீச்சர் கேட்டார். முக்கால்வாசிப்பேர் ஓமென்று கையைத் தூக்கினார்கள். அதே கதையில் ஐந்து பிள்ளைகளை விட்டுவந்த ஆண் ஓவியனும் இருக்கிறானே, அவனைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று எழும்பிக் கேட்டேன். டீச்சர் தலையைச் சரித்து, உங்கள் கலாசாரத்தில் பெண்களுக்கு இது கஷ்டம்தான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையில் அவளைப் படுத்துகிற புருஷன் எங்கள் ஆளா? பொஸ்டன்காரன், அம்மா!

என் கணவர் கெட்டவரல்ல. அதனால்தான் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல் இருந்தது. "கீறுமன், ஆர் வேண்டாமெண்டது? சமைச்சுப்போட்டுக் கீறும்" என்பார். சமைத்து முடிந்தால் கோப்பை கழுவவேண்டும், கழுவி முடிந்தால் ஷிப்டுக்கு ஓடவேண்டும்.

அந்த வருடம் ஓர் ஓவியக் கல்லூரி என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. சனிக்கிழமை பின்னேரம், படங்களோடு வரவேண்டும். வராவிட்டால் இடமில்லை. இவரிடம் எத்தனையோ தரம் சொன்னேன். அதே சனிக்கிழமை மத்தியானம் வேலையிடத்து நண்பர்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

"மறந்துபோனன். நேர்முகம் பின்னேரம்தானே, ரெண்டும் செய்ய ஏலும்" என்றார்.

அவருடைய நேர்முகம் ஒன்றையும் நான் மறந்ததில்லை. சேர்ட்டுக்கு அயன் போட்டு அனுப்பியதே நான்தான்.

வந்தவர்கள் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினேன். நண்டுக்காலைச் சப்பிக்கொண்டே ஒருவர், "அக்கா, உங்கட சமையல் ஒரு கலைதான்" என்றார்.

"ஓம், அவவின்ர கலை இதுதான்" என்று இவர் பெருமையாகச் சிரித்தார்.

அகப்பையைக் கறிச்சட்டிக்குள் எறிந்தேன். மாடியேறி, கட்டிலுக்குக் கீழே கட்டி வைத்திருந்த படங்களை இழுத்தெடுத்து, நண்டுக்கறி மணக்கிற அதே சேலையோடு இறங்கினேன். இவர் வாசல் வரை ஓடிவந்தார்.

"எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். சோத்துக்குச் சொதி ஆர் விடுறது?"

"நீங்கள் விடுங்கோ" என்றேன். "ஆர்டிஸ்ட் வெளிய போயிட்டா எண்டு சொல்லுங்கோ."