ஆர் காட்டிக் குடுத்தது?

புனிதமலர் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, பராமரிக்கும் வேலை செய்கிறாள். அவள் கணவன் சூசைப்பிள்ளைக்குச் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டமொன்றில் கூலி வேலை. ஞாயிறு தோறும் அவன் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்திலுள்ள கடையொன்றின் பின்னறையில் காசு வைத்துச் சீட்டாடுவான், கூலியைத் தோற்றுவிட்டு வருவான். அவள் அழுதும் பார்த்தாள், சண்டையும் பிடித்தாள். கடைசியில் தானே பொலிசுக்கு அறிவித்தாள்.

அடுத்த ஞாயிறு பொலிசார் புகுந்து அறைக்குச் சீல் வைத்தார்கள். ஆடியவர்களுக்குத் தண்டம் வரும் என்று சொல்லி, பெயர்களை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவனுடைய பெர்மெஸ்ஸோவை, அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று வீட்டில் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

வந்ததும் அவன் கேட்டான்: "நீயோ சொன்னனீ?"

"ஓம்."

அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாள் பின்னேரம் அவனோடு சீட்டாடிய இரண்டு பேர் வந்தார்கள்.

"ஆரோ எங்கடை ஆள்தான் காட்டிக் குடுத்திருக்கிறான். உனக்குத் தெரியுமோ?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற புனிதமலர் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் பக்கம் வந்தாள்.

"நான்தான்," என்றான் சூசைப்பிள்ளை. "என்னாலை சீட்டை விட முடியேல்லை. அதுதான் சொன்னனான்."

அவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். பிறகு அவனோடு கதைப்பதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு இன்னும் கஷ்டம்தான். மத்தியானமானால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். அவளும் கதவைப் பூட்டிவிட்டு வருவாள். இருவரும் கடற்கரைப் பக்கம் நடப்பார்கள்.