தன் பீஸைத் தானே பார்க்கக் கூடாது

திருப்பூர் மண்ணரையில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஜெயபாரதிக்குப் பதினேழு வருஷம். டீ-ஷர்ட்டை உதறிப் போட்டால் போதும், ஓட்டை எங்கே, தையல் விட்டது எங்கே என்று கண் தானாகப் போய் நிற்கும். அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். அவளிடம் ஸ்டிக்கர் வாங்காத டெய்லர் இன்னும் பிறக்கவில்லை என்று கம்பெனியில் கேலி பேசுவார்கள்.

கை வேலை பார்க்கும். மனசு அங்கே இருக்காது. ஜன்னல் வெயிலில் பஞ்சு மிதந்து இறங்குவதைப் பார்த்தபடி, இதை யார் போடப்போகிறார்கள் என்று யோசிப்பாள். பேர் தெரியாத ஒரு குளிர் ஊர், பனி விழுகிற தெரு, கோட்டுக்குள் இந்த நீல டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிற ஒருத்தி. அவள் பின்னாலேயே ஜெயபாரதியும் நடப்பாள். டீ பெல் அடித்தால்தான் திருப்பூருக்குத் திரும்புவாள்.

அந்த நடையெல்லாம் கதைகளாக ஆறு நோட்டுகளில் இருந்தன. பதினோரு வருஷத்து எழுத்து, ஒருவருக்கும் காட்டியதில்லை. காட்டலாம் என்று எடுப்பாள், ஒருமுறை படித்துப் பார்ப்பாள், பழகிய கண் வரிக்கு வரி குற்றம் கண்டுபிடிக்கும். நோட்டு மறுபடி அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். புருஷன் சிவபிரகாஷ் அவற்றை மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டுகள் என்றே நினைத்திருந்தார், பாவம். யாராவது படித்துச் சிரித்துவிட்டால், அந்தக் குளிர் ஊருக்கு மறுபடி போக முடியாமல் ஆகிவிடுமோ என்பதுதான் அவள் பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓவர்லாக் மெஷினில் தைக்கும் முத்தாயியிடம் நாலு பீஸைத் திருப்பிக் கொடுத்தாள். முத்தாயி முகம் சுளிக்கவில்லை.

“நாந் தெச்சத நானே பாத்தா ஒண்ணு எல்லாமே நல்லாருக்கும், இல்லாட்டி எல்லாமே கோணலாத் தெரியுங்க்கா. அதுக்குத்தான நீங்க இருக்கறீங்க,” என்றாள்.

ஜெயபாரதிக்குச் சுருக்கென்றது. தைத்தவரே செக்கிங் பார்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். தன் கதைக்கும் அது பொருந்தும் என்று இத்தனை வருஷம் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை, முத்தாயிக்குப் போகவேண்டிய பண்டிலில் ஒரு நோட்டையும் சேர்த்து வைத்துத் துணி நாடாவால் கட்டினாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘இதையும் பாரு.’ கொடுத்துவிட்டு வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பிடுங்கி வந்துவிடலாமா என்று மூன்று முறை எழுந்தாள். நல்ல பீஸ் இரண்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். குளிர் ஊர்ப் பக்கம் அன்று மனசு போகவேயில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முத்தாயி நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே ஒரே ஒரு அம்பு ஸ்டிக்கர். குளிர் ஊர்க்காரி தன் மகளை வெளியூர்ப் படிப்புக்கு பஸ் ஏற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே கையசைக்கிற வரியில்.

“மத்ததெல்லாம் பாஸுங்க்கா. ரெண்டு தடவ படிச்சுட்டேன். இந்த எடத்துல மட்டும் அவ சிரிச்சிருக்க மாட்டாளுங்க.”

மகள் கிருத்திகாவைக் காலேஜுக்கு பஸ் ஏற்றிவிட்ட அன்று, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குள் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதவள் ஜெயபாரதி. அது யாருக்கும் தெரியக் கூடாதென்றுதான் கதையில் குளிர் ஊர்க்காரியைச் சிரிக்கவைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

வரியை மாற்றி எழுதினாள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்ததும், நோட்டை மடியில் விரித்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். பஸ் புறப்படும் இடம் வந்தபோது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தாள்.