பிலோமினா வாங்கிய கனமான கம்ப்யூட்டர்

கம்பெனி பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. பிலோமினா நிற்க வேண்டிய இடத்தில் அவள் அண்ணன் நின்றிருந்தார். டிரைவர் கதவைத் திறந்தும் அவர் ஏறவில்லை. கீழே நின்றபடியே, "தங்கச்சி இனிமே வராது. விடிகாலைல நெஞ்ச அடைக்குதுன்னுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போய்ட்டுது. ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார். லீவு சொல்கிறவரின் குரல் அது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பஸ் ஆம்பூருக்குள் நுழைந்த பிறகுதான் அழுகை வந்தது.

அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. பஸ்ஸில் அடுத்த சீட்டும் அவளுடையதே. அவள் பாடியதெல்லாம் அவளே கட்டிய பாட்டுகள். சூப்பர்வைசரின் இருமல், தூக்குவாளிச் சோறு, மழையில் நின்றுபோன பஸ் என்று எதை வேண்டுமானாலும் பாடுவாள். ஆனால் ஒரு பாட்டையும் நாம் முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் கம்பெனி கேட் வந்துவிடும். "ஒரே ஒரு பாட்டாவது மொதல்லேருந்து கடைசி வரைக்கும் என் குரல்ல இருக்கணும் வசந்தி. நடுவுல யாரும் எறங்கக் கூடாது" என்பாள். அவள் ஆசை அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் இறந்துவிட, அண்ணன்தான் மாதனூர்ப் பக்கத்துத் தன் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்தார். நல்ல மனிதர். அண்ணியும் நல்லவள். அதுதான் பேஜாரே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருப்பாள். நல்லவர்கள் வீட்டிலிருந்து என்ன சொல்லிக் கிளம்புவது? கம்பெனியிலிருந்து போனதும் அடுப்பு, அண்ணியின் முட்டிக்குத் தைலம், வரும் விருந்தாளிக்கு டீ. யாரும் அதட்ட மாட்டார்கள். "பிலோ" என்று கூப்பிடுவார்கள், அவ்வளவே.

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம், ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் இருந்தால் போதும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சீட்டுப் பணம் எடுத்த கையோடு என்னை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் நான் லேப்டாப் கட்சி. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், பாடுவது பாதியில் அணையாது, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். கடைக்காரர் டெஸ்க்டாப் கட்சி. "அதே விலைக்கு இதுல வேகம் ஜாஸ்திம்மா. பின்னாடி மெமரி ஏத்திக்கலாம். பத்து ட்ராக் போட்டாலும் திணறாது" என்றார். இருவரையும் பேசவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "இன்னா வெயிட் இருக்கும்?"

"லேப்டாப் வெயிட்டே இல்லம்மா. ஹேண்ட்பேக்ல வெச்சிக்கலாம்."

"அது இல்ல. இந்தப் பொட்டி."

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். கடையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருந்ததிலேயே கனமான இரும்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாள். உனக்குப் பைத்தியமா என்று வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணன் பொண்ணு வேலூர்ல நர்சிங் படிக்குதில்ல? லேப்டாப்பைப் பாத்தா 'அத்தை, எனக்குக் குடு அத்தை'ன்னும். இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராதுடி. இதை எவ தூக்கினு போவா ஹாஸ்டலுக்கு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கெட்டிக்காரி என்றுகூட நினைத்தேன்.

அரிசி மூட்டை வைக்கும் அறைதான் அவளுக்குக் கிடைத்தது. ஜன்னல் இல்லை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, கழிவுத்தோல் வியாபாரியிடம் துண்டுத்தோல் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சுவர் முழுக்க ஒட்டினோம். ஷூ ஒட்டும் சொல்யூஷன் நெடியில் தலை சுற்றியது. ஒட்டி முடித்ததும் அறை மினுமினுத்தது, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பாடிப் பார்த்தாள். குளியலறையில் பாடுவதுபோல் குரல் திரும்பி வந்து மூஞ்சியில் அடித்தது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வாழ்நாளெல்லாம் தோலின் வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்துப் பழகிய கைகள் அல்லவா, சுவரிலும் அப்படியே ஒட்டியிருந்தோம். சத்தத்தை உறிஞ்சுவதோ சொரசொரப்பான உள்பக்கம். "கம்பெனிக்காரிங்க வேலைய காட்டிட்டோம்" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். எல்லாவற்றையும் பிய்த்துத் திருப்பி ஒட்டினோம். அதன் பிறகு அந்த அறை பேச்சு மூச்சில்லாமல் ஆகிவிட்டது.

ஆனால் அடங்கியது எதிரொலி மட்டும்தான். கதவு கதவாகவே இருந்தது. மின்விசிறியை நிறுத்தி, வியர்வை ஒழுக ஒழுக இரண்டாவது சரணத்துக்கு வந்திருப்பாள், கதவு தட்டப்படும். பால்காரர் வந்திருக்கிறார். அண்ணிக்கு மாத்திரை எங்கே. ஒன்றுமில்லை, சும்மா என்ன செய்கிறாய் என்று பார்த்தேன். "தோ வர்றேண்ணா" என்று எழுந்துவிடுவாள். எத்தனை பாட்டு அப்படி நின்றது என்று அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் ஈ காக்கை இருக்காது, வந்து நிம்மதியாகப் பாடு என்று கூப்பிட்டேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "யாரும் தூக்கினு போகக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வாங்கினேன். என்னாலயும் தூக்க முடியலயேடி."

விற்றுவிட்டு லேப்டாப் வாங்கு என்றேன். வாங்கிய அன்றைக்கே அது ஹாஸ்டலுக்குப் போய்விடும் என்றாள். அண்ணன் பெண்ணிடம் முடியாது என்று சொல் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம். அவள் பாடுவதும் குறைந்தது. பஸ்ஸில் தூங்கத் தொடங்கினாள். கம்பெனி கேட் வந்ததும் நான்தான் தட்டி எழுப்புவேன்.

போன மாதம் ஒரு காலை, பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக என் காதில் இயர்ஃபோனைச் செருகினாள். "கேளு. முடியற வரைக்கும் எடுக்காத" என்றாள். மழையில் நின்ற பஸ்ஸின் பாட்டு. இரண்டாவது சரணத்தில் கதவு தட்டும் சத்தம். போச்சு என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கேளு என்று சைகை காட்டினாள். அண்ணன் குரல், "பிலோ". பாட்டு நிற்கவில்லை. மறுபடியும் தட்டல், இன்னும் பலமாக. "பிலோ, பிலோ". அவள் குரல் நடுங்கியது, ஒரு இடத்தில் சுருதி இறங்கியது. ஆனாலும் மூன்றாவது சரணத்தைப் பாடி, பல்லவிக்குத் திரும்பி, கடைசி வார்த்தையை இழுத்து முடித்தாள். பிறகு நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் திறந்தது.

"இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்ல, கேஸை ஆஃப் பண்ணியான்னு கேட்டேன்."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எறங்கலடி. நான் எறங்கவே இல்ல" என்றவள், பாட்டை என் ஃபோனுக்கும் அனுப்பிவைத்தாள். அது போதும் என்பதுபோல இன்னொரு பாட்டுக்கு அவள் உட்காரவும் இல்லை, உட்கார அதற்குப் பிறகு நாளும் இருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு சர்ச்சின் பங்கு மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அவள் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "அந்தத் தட்டற சத்தத்தை மட்டும் எடுத்துட முடியுமாம்மா?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. எடுக்கலாமாம், விசாரித்துவிட்டேன். "இருக்கட்டும்ணா" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

கனமான கம்ப்யூட்டர் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவள் முழுசாகப் பாடி முடித்த ஒரே பாட்டு. பூசைக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டின் நடுவில் கதவு தட்டும் சத்தம் வரும். யாரும் எழுந்து போய்த் திறக்க வேண்டாம். அவள் பாடி முடிக்கட்டும்.