கவர்னர் எழுதிய கலவரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பாலக்காட்டு முதலமடைப் பக்கம் ஒரு வாசகசாலையில் வரலாற்றுக் கூட்டம். கூப்பிட்டார்கள், போனேன். டீயும் பருப்பு வடையும் உண்டு என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். பின்னே, மாங்காய் சீசனில் பிலிப்பைன்ஸ் வரலாறு கேட்க யார் வருவார்கள்?

பேச வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பெயர் வேண்டாம். ஒரு வாரம் மணிலாவுக்கு டூர் போனவர். திரும்பி வந்ததும் அந்த நாட்டு வரலாற்றுக்கே நிபுணராகிவிட்டார். நம் ஊரில் நிபுணராக வேறென்ன வேண்டும்... பாஸ்போர்ட் போதாதா?

அவர் எடுத்துக்கொண்டது காவிட்டே என்ற துறைமுக ஊரின் கதை. ஸ்பெயின் ஆட்சி. 1872. கோட்டைச் சிப்பாய்களும் ஆயுதக் கிடங்குத் தொழிலாளிகளும் கிளர்ந்தார்கள், அடக்கப்பட்டார்கள். தூண்டிவிட்டவர்கள் என்று சொல்லி மூன்று பாதிரியார்களை ஊர் பார்க்கக் கழுத்தை இறுக்கிக் கொன்றது அரசாங்கம். ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர்.

“இதிலே சந்தேகத்துக்கே இடமில்லை. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி. கவர்னரே அறிக்கை எழுதியிருக்கிறார்!” என்று மேஜையைத் தட்டினார். நாங்களும் கை தட்டினோம். நானும்தான். ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனால் தட்டினேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி. மாந்தோப்புக்காரர் பொன்னுச்சாமியின் மருமகள். துபாயில் நர்ஸாக இருந்தபோது அவர் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. தமிழ் பேசுவாள் — சுத்தமான கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ்.

“ஏனுங்க, காவிட்டேதானுங்க என்ற சொந்த ஊரு. அந்தத் தொழிலாளிகளுக்கு வரி கெடையாது, கட்டாய வேலையும் கெடையாதுன்னு ஒரு சலுகை இருந்துச்சுங்க. புது கவர்னர் வந்து அத நிறுத்திப்போட்டாரு. அதுக்குத்தான் கெளம்புனாங்கன்னு எங்க ஊரு அறிஞரும் எழுதி வெச்சிருக்காருங்க. நீங்க ஏன் கவர்னர் எழுதுனத மட்டும் சொல்றீங்க?”

பேராசிரியர் சிரித்தார். எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது.

“அம்மா, வீட்டிலே கேட்ட கதை வேறே, ஆவணம் வேறே. நீங்க நர்ஸ்தானே? ஊசி போடறதைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லித் தரேனா?”

நாலு பேர் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

“மூணு பேரும் உள்ளூருப் பாதிரிமாருங்க. ஸ்பெயின் பாதிரிமாரு கையில இருந்த கோயில் பொறுப்ப எங்காளுககிட்ட குடுங்கன்னு கேட்டவங்க. அவங்கள ஒழிச்சா யாருக்கு லாபம்னு அந்த ஆவணத்துல இருக்குதுங்களா?”

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டதாம்!

அப்போதுதான் பொன்னுச்சாமி எழுந்தார். கூட்டங்களில் வாய் திறக்காத மனிதர்.

“நானும் ஒண்ணு கேட்டுக்கறனுங்க. நாங்க ஒருக்கா வாய்க்கால்ல தண்ணி உடுங்கன்னு கேக்கப் போனமுங்க. வெறுங்கையோடதான் போனம். ஆயுதத்தோட வந்தாங்கன்னு அதிகாரி எழுதிப்போட்டாரு. காய்ச்சல்ல ஊட்டுல படுத்திருந்த என்ற அண்ணன் பேரையும் சேத்துட்டாரு. பாவம், மூணு வருசம் கோர்ட்டுக்கு நடந்தாருங்க. அதுவும் ஆவணந்தானுங்களே?”

 சிரித்த நாலு பேரும் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ உக்காரு கண்ணு” என்றார் மருமகளிடம். அவள் உட்கார்ந்தாள்.  அடுத்த மாதம் அவளையே பேசச் சொல்லலாம் என்று வாசகசாலைச் செயலாளர் மெதுவாகச் சொன்னார். “மாமா கூட வந்தாப் பேசறனுங்க” என்றாள்.

கை தட்டிய எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. கவர்னர் கையெழுத்துப் போட்டால் உண்மை, கொல்லப்பட்டவன் ஊர்க்காரி சொன்னால் கதை... இதை நம்புவதற்கு எங்களுக்கு ஒரு பட்டப்படிப்பும் தேவைப்பட்டிருக்கிறது! வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் ஃபைலுக்குப் பூப்போட நாங்கள் இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. ‘பேராசிரியரின் உரையைக் கேட்டு அவையினர் மெய்மறந்தனர். யாரும் ஐயம் எழுப்பவில்லை.’

எழுதி அனுப்பியது யார் என்று விசாரித்தேன். பேராசிரியரேதான்.

ஆக, ஆவணம் தயார்.