வாடை உண்டு

நான் எழுத வந்தது சரியல்ல என்று எனக்கே தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியதும் இல்லை. என் கையெழுத்தில் இதுவரை வெளியே போனவை போலீஸ் ரிப்போர்ட்டுகள்தான். அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் கோடைக்கானலுக்கு ஏறும் பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கியிருந்தன. பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு இருக்கும். அதில் அடுப்புக்கரி எரிந்து வரும் புகையைக் குழாய் வழியாக இன்ஜினுக்குக் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் மலைப்பாதையில் வண்டிகள் அடுத்தடுத்துப் பள்ளத்தில் விழுந்தன. டிரைவர்கள் குடிப்பதுதான் காரணம் என்று மேலிடத்தில் முடிவானது. குடித்தவனைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்று எங்களில் பத்துக் கான்ஸ்டபிள்களைக் கீழே வரச் சொன்னார்கள்.

மூன்று நாள் பயிற்சி. ஒரு ஏட்டு சொல்லிக்கொடுத்தார். வாடை, கண், நாக்கு, நடை, விரல் என்று ஐந்து குறிகள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடக்கச் சொல்ல வேண்டும். தீக்குச்சியைக் கீழே போட்டு எடுக்கச் சொல்ல வேண்டும்.

"ஏலே, வாடைதான் ராஜா. மத்த நாலும் மந்திரி. ராஜா இல்லாம மந்திரி மட்டும் கோர்ட்டுக்குப் போனா, வக்கீல் சிரிப்பான். வாடை இல்லேன்னா வண்டியை விட்ரு."

பழகுவதற்காகச் சாராயக் கடையிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் எங்களைவிட நேராகக் கோட்டில் நடந்தான். "இன்னொரு கிளாஸ் குடுங்க சாமி, கண்ணை மூடிக்கிட்டே நடந்து காட்டுறேன்" என்றான். என் முறை வந்தது. இன்னொரு மனிதனின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக எனக்குக் கூச்சம். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, 'வாடை இல்லை' என்று எழுதினேன்.

ஏட்டு தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "அரைப் பாட்டில் உள்ளே கெடக்கு. இவருக்கு வாடை இல்லையாம். ஏலே, உனக்கு மூக்கு எதுக்கு, சளி பிடிக்கவா?"

அன்றிலிருந்து போலீஸ் லைனில் என் பெயர் மூக்கில்லாதவன்.

என்னைப் பெருமாள்மலைக்குக் கீழே, வண்டிகளை மறித்துப் பார்க்கும் ஒரு கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு சிறு பாலம், வண்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஓடை. துணைக்கு யாரும் இல்லை.

ஒரு நாள் பகல் பனிமூட்டம். மேலே போகும் கரி பஸ் வந்து நின்றது. டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முஸ்லிம். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கண் சிவந்திருந்தது. நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே கோட்டை விட்டுப் போனார். தீக்குச்சியைப் போட்டேன். விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர எடுக்கவில்லை. பேச்சும் குழறியது. மந்திரிகள் நாலு பேரும் வந்துவிட்டார்கள்.

இந்த முறை நான் தள்ளி நிற்கவில்லை. மூக்கு அவர் உதட்டில் படுகிற அளவுக்குப் போனேன். வெற்றிலையும் கிராம்பும்தான் மணத்தன.

"நல்லாப் பாருங்கய்யா" என்று டாக்டரிடம் தொண்டையைக் காட்டுவது போல வாயை அகலமாகத் திறந்தார். "நான் தொட்டதே இல்லீங்க. தலைதான் இடிக்குது."

முன் சீட்டிலிருந்த கோடைக்கானல் கடைக்காரர் தலையை நீட்டினார். "ஏட்டய்யா, அஞ்சு வேளை தொழுகிற மனுசன் அவரு. அவர் குடிச்சிருந்தா இந்தக் கரியடுப்பும் குடிச்சிருக்கணும்." பஸ் முழுக்கச் சிரித்தார்கள். நான் கான்ஸ்டபிள்தான், அவர்கள் மரியாதைக்கு ஏட்டு என்பார்கள்.

"சித்த நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"நேரத்துக்குப் போகலேன்னா வேலையிலிருந்து நிறுத்திருவாங்கய்யா. வெரசா போயிருவேன்."

ஏறப் போனார். கால் படியில் படவில்லை. மறுபடி வைத்தார், மறுபடியும் படவில்லை. உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். அங்கிருந்து மேலே இரண்டு மைலுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

அச்சடித்த ரிப்போர்ட் பாரம் எழுதாமல் பஸ்ஸை நிறுத்திவைக்க எனக்கு அதிகாரமில்லை. வாடை என்ற இடம் நிரம்பாமல் பாரம் செல்லாது. நான் பாரத்தை எடுத்து, 'வாடை உண்டு' என்று எழுதினேன்.

எழுதியதைச் சாட்சி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது. கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். பிறகு டிரைவரை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

டிரைவர் என் அருகில் வந்தார். "உண்டுன்னா எழுதினீங்க? வர்ற வெள்ளிக்கிழமை என் மகளுக்கு நிச்சயம்ங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பள்ளிவாசல்லே பெரிய ஆளுங்க. வேற என்ன வேணாலும் எழுதுங்கய்யா, இது வேண்டாம்."

நான் பாரத்தை மடித்தேன். பாரம் எழுதினால் கீழே போகும் முதல் வண்டியில் அனுப்பிவிட வேண்டும். தபால் கார் வந்தது. உறையை ஒட்டி, அரக்கு வைத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் டிரைவர் சீட்டில் பாட்டில் தேட ஏறினேன். ஒரு பாட்டில் கிடைத்துவிட்டால் நான் எழுதியது பொய் ஆகாது. கிடைக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். பனிக்காக டிரைவர் சீட்டைச் சுற்றிப் படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கரி வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. மண்டியிட்டுச் சீட்டுக்கு அடியில் துழாவினேன். ஒரு தொழுகைப் பாய், ஒரு தூக்குச் சட்டி. பாட்டில் இல்லை. குழாய் வரும் இடத்தைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டியிருந்தது. விடாமல் தேடினேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் இடித்தன. இறங்கும்போது முழங்கால் மடங்கி, படியிலிருந்து தரையில் விழுந்தேன்.

"ஏட்டய்யா பாட்டிலைக் கண்டுபிடிச்சுட்டாரு. காலியும் பண்ணிட்டாரு!" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு அடங்க நேரமானது.

தரையில் கிடந்தபடியே பார்த்தேன். டிரைவர் வெளிக்காற்றில், பாலத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார். என் தீப்பெட்டியைக் கொட்டிவைத்துக்கொண்டு, குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கய்யா, இப்ப வருது" என்றார். பேச்சில் குழறல் இல்லை.

குழாயிலிருந்து கசிந்து படுதாவுக்குள் தேங்கிய கரி வாயுதான் அவரையும் என்னையும் சாய்த்திருந்தது. அதற்கு வாடை கிடையாது. எங்கள் ஏட்டின் ஐந்து குறிகளில் அதற்கு இடமும் இல்லை.

நான் ஓடினேன். கார் வளைந்து வளைந்து இறங்குவதற்குள், பழைய ஒற்றையடிப் பாதையில் விழுந்தடித்து ஓடினால் மூன்றாவது வளைவில் பிடித்துவிடலாம். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். காரின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"அந்த உறையைக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

தபால்காரர் பையைத் தட்டிக் காட்டினார். "பையைப் பூட்டியாச்சு. தொறந்தா என் சோலி போயிரும். தப்புன்னா ஏறுங்க, ஸ்டேஷன்லே வந்து நீங்களே சொல்லுங்க."

கதவைத் திறந்துவிட்டார். சீட்டில் இடம் இருந்தது. ஏறினால், 'இல்லாத வாடையை ஏன் எழுதினாய்' என்று கேட்பார்கள். பொய் ரிப்போர்ட்டுக்கு வேலை போகும். அதைவிட, ஏட்டு தாளைத் தூக்கிக் காட்டுவது என் கண் முன்னால் வந்தது.

"கேட்டை விட்டு வர முடியாது" என்றேன்.

திரும்பி ஏறி வந்தபோது ஜனங்கள் மூட்டைகளோடு பெருமாள்மலைக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சாயங்காலம் ஒரு லாரியில் டிரைவரைக் கீழே அனுப்பினேன். என் தீப்பெட்டியைக் குச்சிகளோடு அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸைக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து கீழே ஓட்டிப்போனார்.

மறுநாள் பகல் அதே பஸ் வேறு டிரைவரோடு வந்தது. படுதாவை அவிழ்த்துவிடச் சொன்னேன். பனி அடிக்கிறது என்றார். வாடை பார்த்தேன், இல்லை. கேட்டைத் திறந்தேன்.