கைக்கு எட்டாத கோல்

மாலத்தீவின் முதல் பிரிவுக் கால்பந்துப் போட்டியைப் பற்றி மரக்காணம் பக்கத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வர வேண்டும். யாரும் வந்ததில்லை. எனக்குக் கால்பந்து பிடிக்கவும் பிடிக்காது. அதை ஆடுகிற ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவரும் ஓடி ஆடுகிறவர் இல்லை. கோல்கீப்பர்.

ரொம்பச் சின்ன நாடு அது. ஜனங்களை எண்ணிப் பார்த்தால் எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள் அதைப்போல மூன்று நான்கு நாடுகளை வைத்துவிடலாம். பெரிய கிளப்புகள் எல்லாம் தலைநகரான மாலேயில் ஒரே மைதானத்தில் மாற்றி மாற்றி ஆடுகின்றன. இன்றைக்கு இந்த இரண்டு டீம், நாளைக்கு அந்த இரண்டு டீம். சொந்த ஊர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் என்ற பேச்சே இல்லை. ஜெயித்தவனும் தோற்றவனும் முடிந்த கையோடு ஒரே தெருவில் டீ குடிப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆடுகிறவர்களில் பலருக்கு வேறு வேலை உண்டு. ஒருவர் கஸ்டம்ஸ், ஒருவர் போலீஸ், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். போனில் பார்த்தால் ஆட்களைவிடக் காலி நாற்காலிகள்தான் நிறையத் தெரியும்.

என் வீட்டுக்காரர் அங்கே மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் ஸ்டோர்கீப்பர். நான் இங்கே உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் மூன்று வருஷம் அவர் அங்கே, நான் இங்கே. "இன்னும் விசேஷம் இல்லியா?" என்று குப்பத்தில் கேட்காத ஆள் கிடையாது. "கூரியர்லயா அனுப்புவாங்க?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டேன். அன்றோடு மாமியார் என்னைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

அவர் பந்து பிடிக்கக் கற்றது, யாரும் உப்பு எடுக்காமல் விட்டுவிட்ட ஒரு பழைய பாத்தியில். எங்கள் குப்பத்து ஆம்பளைகள் எல்லாரும் அங்கேதான் ஆடுவார்கள், இன்றைக்கும் ஆடுகிறார்கள். தரை சிமெண்ட் போல இறுகிக் கிடக்கும், மேலே உப்புப் பொருக்கு. அதில் விழுந்து சிராய்த்தால் தோல் போவது மட்டுமில்லை, உள்ளே உப்பு ஏறும். ஏறினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், தினமும் விரல் வெடிப்போடு அதே உப்பில்தான் கை வைக்கிறேன். அதனால் அங்கே கீப்பர் விழ மாட்டான். விழச் சொல்லவும் மாட்டார்கள். அதற்கென்று ஒரு சட்டமே வைத்திருக்கிறார்கள். நின்றபடி கையையோ காலையோ நீட்டி எட்டுகிற தூரத்தில் பந்து போனால்தான் கோல். எட்டாமல் போனால் கீப்பர் ஒரு கையைத் தூக்கி "எட்டல!" என்பான். பந்து உதைத்தவனும் ஒத்துக்கொள்வான். நாளைக்கு அவனும் கீப்பராக நிற்க வேண்டியவன்தானே.

இந்தச் சட்டத்தில் வளர்ந்த ஆள் ஒரு நாட்டின் முதல் பிரிவில் கோல் காக்கப் போனால் என்ன ஆகும்?

போனதே ஒரு கூத்து. கம்பெனி ஆட்கள் சாயங்காலத்தில் சின்னப் புல்தரையில் ஆடுவார்களாம். அங்கே கோல் கம்பமும் சின்னது, இவர் நின்றபடியே எல்லாவற்றையும் தடுத்திருக்கிறார். இவருடைய மேனேஜர்தான் ஒரு கிளப்பையும் நடத்துகிறார். கடைசி இடத்தில் கிடக்கும் கிளப். அதன் கீப்பருக்கு விரல் உடைந்தது, மாற்று ஆளுக்குக் காய்ச்சல். சின்ன நாட்டில் அதற்கு மேல் எங்கே தேடுவது? குளிர்கிடங்கில் இருந்தவரை வெளியே அழைத்து கிளவுஸ் மாட்டிவிட்டார்கள். சீசனில் இரண்டே ஆட்டம் பாக்கி.

முதல் ஆட்டத்தை எங்கள் குப்பத்து வலைக்கூடத்தில் பார்த்தோம். என் கொழுந்தன் போனை டிவியோடு இணைத்தான். வலை பின்னுகிறவர்கள் வலையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கூனிமேட்டிலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். மாலேயில் பல வருஷம் கடை வைத்திருந்தவர், அந்த ஊர் பாஷை தெரியும். வர்ணனையைத் தமிழில் சொல்வதற்காகக் கொழுந்தன் பைக்கில் போய் அழைத்து வந்திருந்தான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். பந்து வலது மூலைக்குப் போனது. என் வீட்டுக்காரர் அது போவதை நின்று பார்த்தார், வாசலில் நின்று பஸ்ஸை வழியனுப்புகிறவர் மாதிரி. வலையில் பந்து விழுந்ததும் ரெஃப்ரியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார்.

"எட்டல!" என்று வலைக்கூடமே கத்தியது. என் மாமியாரும் சேர்ந்துதான். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

"இன்னா சொல்றாங்க பாய்?" என்று கொழுந்தன் கேட்டான்.

"ஏன் கையத் தூக்குறாருன்னு ஒருத்தன் கேக்குறான். ஆஃப்சைடு கேக்குறாரோன்னு இன்னொருத்தன் சொல்றான்." பாய் என் பக்கம் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இப்ப ரெண்டு பேரும் சிரிக்கிறாங்கம்மா."

அன்றைக்கு அவர் மூன்று தடவை கையைத் தூக்கினார். பழக்கம், பாவம், தானாகவே மேலே போகிறது. அந்தக் காட்சியை வெட்டி யாரோ போனில் சுற்றுக்கு விட்டு, அது பாண்டிச்சேரி வரைக்கும் போய், என் கம்பெனிப் பெண்கள் எனக்கே காட்டினார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மனசுக்குள் சந்தோஷம் கூட. ஏனென்றால் அந்த கிளப் தோற்றால் எனக்கு லாபம்.

விஷயம் இதுதான். அவருடைய மூன்று வருஷ வேலை முடிகிற நேரம். இங்கே உப்பு லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவருக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தேன், அதன் முதலாளியும் காத்திருக்கிறேன் என்றிருந்தார். ஆனால் மேனேஜர் ஒரு ஆசை காட்டினாராம். கடைசி இடத்தில் முடித்தால் கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். தப்பித்துவிட்டால் இவரையே அடுத்த சீசனுக்கும் கீப்பராக வைத்துக்கொண்டு, கிடங்கு வேலையையும் நீட்டித் தருவார்.

"கீழ போச்சுன்னா வந்துடுறேன். தப்பிச்சிட்டா ஒரு சீசன் பாக்கலாம். நீ இன்னா சொல்ற?" என்று போனில் கேட்டார்.

"தோத்துட்டு வந்து சேருங்க" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது போனில் தெரிந்திருக்காது.

எனக்கு முப்பத்து மூன்று வயது. அவர் வர வேண்டும். காலையில் வீட்டில் இன்னொரு டம்ளர் டீ போட வேண்டும், யாரோடாவது சண்டை போட்டால் அந்த ஆள் அடுத்த அறைக்குத்தான் போக முடிய வேண்டும். இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசி ஆட்டத்தன்று வலைக்கூடத்தில் நிற்க இடமில்லை. பழைய பாத்தியில் அவரோடு ஆடிய எல்லாரும் வந்திருந்தார்கள். டிரா ஆனால் போதும், கிளப் தப்பித்துவிடும். நான் கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்து, எதிர் டீம் கோல் போட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள், எல்லாரிடமும்தான்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இவரும் அந்த வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன் என்றார், ஆனால் விழுகிற மாதிரி தெரியவில்லை. நின்றபடியே காலால் இரண்டு, நெஞ்சால் ஒன்று தடுத்தார். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்போதும் வலது கை பாதி மேலே போனது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர் டீமில் நான் முன்னால் சொன்ன கஸ்டம்ஸ்காரன், நல்ல உயரமானவன், பந்தோடு உள்ளே வந்துவிட்டான். முன்னால் யாரும் இல்லை. இடது மூலையைப் பார்த்துத் தாழ்வாக உதைத்தான். எனக்கு வேண்டியது அந்தப் பந்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் உருண்டால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"விழுங்க!" என்று கத்தினேன். "ஐயோ, விழுங்க!"

ஏன் கத்தினேன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. நாடே சிரித்த ஆள் மறுபடியும் மரம் மாதிரி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். டிவியில் என் வீட்டுக்காரர் பக்கவாட்டில் சாய்ந்து, மொத்த உடம்பையும் தரையில் போட்டு, விரல் நுனியால் அந்தப் பந்தை வெளியே தள்ளிவிட்டார். அழகாக விழுந்தார் என்று சொல்ல முடியாது. மூட்டை சரிந்த மாதிரி விழுந்தார். ஆனால் பந்து உள்ளே போகவில்லை.

கூடமே கூச்சலில் அதிர்ந்தது. பாய் எழுந்து நின்று அந்த ஊர் பாஷையிலேயே ஏதோ கத்திக்கொண்டிருந்தார், தமிழில் சொல்ல மறந்துவிட்டார். என் கொழுந்தன் அழுதுவிட்டான். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கை தட்டினேனா என்று ஞாபகமில்லை.

ஆட்டம் டிராவில் முடிந்து, கிளப் தப்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். கொழுந்தன் ஸ்பீக்கரில் போட்டான். ஆளாளுக்குக் கத்தி முடித்த பிறகு "உங்க அண்ணி எங்கடா?" என்றார். போன் என் கைக்கு வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சந்தோஷமா?"

அத்தனை பேர் நின்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அதுதான் மரியாதை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இல்ல" என்றேன். "அந்தப் பந்த உட்டிருந்தா நீங்க வந்திருப்பீங்க."

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியும், இருந்தும் சொன்னார்.

"உட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேம்மா. தோத்தாலும் ஜெயிச்சாலும் இருக்குறேன்னு போன வாரமே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

போனைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். படகுகளுக்கு நடுவில் நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல் முழுக்கக் காட்டவும் முடியவில்லை. கத்தியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் என்னைக் கேட்காமல் அங்கே இருக்க முடிவு செய்தார். நானும் யாரையும் கேட்காமல், என்னையே கேட்காமல், அவர் ஜெயிக்கட்டும் என்று கத்தினேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் எடைமேடை முதலாளியைப் பார்த்து, வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.